பி.டி.எஃப் ஒன்றுக்கு இரண்டரை லட்சமா?

ப்ரூஃப் பார்க்கிற வேலையைப் பற்றிப் போன மாதம் இதே பக்கத்தில் நாலு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் ப்ரூஃப் பற்றி ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் ஜர்னல் கட்டணம், ஜர்னல் கட்டணம், அதாவது ஆய்வுக் கட்டுரையைப் போடுவதற்கு ஜர்னல் எழுதியவரிடமே வாங்கும் பணம். சரி, இந்த மாதம் அதையே பார்த்துவிடுவோம்.

இதில் இவளுக்கு என்ன தெரியும் என்று நினைப்பவர்களுக்கு: வெளிநாட்டு ஜர்னல்களுக்கு டைப்செட்டிங் செய்துகொடுக்கிற சென்னைக் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருடம் இருந்தேன். ப்ரூஃப் ரீடராகச் சேர்ந்தேன், புரொடக்‌ஷன் மேனேஜராக வெளியே வந்தேன். இப்போது ஒரு சின்னச் சங்கத்தின் ஜர்னலைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்கிறேன். பெரிய வீட்டுச் சமையலும் தெரியும், குடிசைச் சமையலும் தெரியும்.

*

அக்கா, தாவரவியலில் பி.எச்டி. நாலாம் வருடம் நான். பேப்பர் அக்செப்ட் ஆகிவிட்டது என்று மெயில் வந்த அன்று டிபார்ட்மென்ட் முழுக்க லட்டு கொடுத்தேன். மறுநாள் இன்வாய்ஸ் வந்தது. 2,490 டாலர், அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. நம் பணத்தில் இரண்டரை லட்சம். எழுதியது நான். படித்துத் திருத்தம் சொன்னவர்களுக்குச் சம்பளம் கிடையாது என்கிறார் கைடு. கடைசியில் வரப்போவது ஒரு பி.டி.எஃப். அதற்கு இவ்வளவா?
— ஆய்வு மாணவி, திருநெல்வேலி

லட்டை முதல் நாளே கொடுத்தது நல்லதாகப் போயிற்று தங்கச்சி. இன்வாய்ஸைப் பார்த்த பிறகு மனசு வந்திருக்காது. உனக்கு எஸ்.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை மாதம் 42,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொண்டால், ஆறு மாதம் சாப்பிடாமல் இருந்தால் கட்டிவிடலாம்.

நீ அனுப்பிய வேர்டு ஃபைல் எங்கெல்லாம் போய் வருகிறது என்று சொல்கிறேன். முதலில் சப்மிஷன் சாஃப்ட்வேர். நீ பாஸ்வேர்டு மறந்துபோய் மூன்று முறை ரீசெட் செய்திருப்பாயே, அதுதான். அதற்கு வாடகை உண்டு. (ஒரு வேடிக்கை: பல ஜர்னல்கள் பயன்படுத்தும் எடிட்டோரியல் மேனேஜர் என்ற சாஃப்ட்வேரைச் செய்த கம்பெனியை 2018-ல் எல்செவியர் என்ற பெரிய பதிப்பகம் வாங்கிவிட்டது. அதிலிருந்து போட்டிப் பதிப்பகங்களும் எல்செவியர் வீட்டுக்கு வாடகை கட்டிக்கொண்டிருக்கின்றன.) அடுத்து, வேறு எங்கிருந்தாவது எடுத்து எழுதியிருக்கிறாயா என்று பார்க்கிற சாஃப்ட்வேர். பிறகு எடிட்டர், ரிவ்யூவர்கள் (படித்துத் திருத்தம் சொல்கிற உன் துறைக்காரர்கள்), உன் திருத்தம், மறுபடி ரிவ்யூவர்கள். அக்செப்ட் ஆன பிறகு, பெரும்பாலும், எங்கள் பக்கம் வரும். உலகத்து ஜர்னல்களில் பெரும் பங்கு பக்கம் பக்கமாகக் கட்டப்படுவது சென்னையிலும் புதுச்சேரியிலும்தான். லண்டன் முகவரி போட்ட ஜர்னலில் உன் பேப்பருக்கு கமா வைப்பவர் வேளச்சேரியில் குடியிருக்கலாம்.

அங்கே நடப்பது வெறும் பி.டி.எஃப். வேலை என்று நினைக்காதே. உன் பேப்பரை எக்ஸ்.எம்.எல். ஆக்குவார்கள். உன் பெயரில் எது இனிஷியல், எது பெயர். ஒவ்வொரு மேற்கோள் நூலுக்கும் எது வருடம், எது வால்யூம் நம்பர். ஒவ்வொரு டேபிளிலும் எது தலைப்பு வரிசை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக டேக் போட வேண்டும். மனிதக் கண்ணுக்கு பி.டி.எஃப்., மெஷினுக்கு எக்ஸ்.எம்.எல். கூகுள் ஸ்காலர், பப்மெட் மாதிரி பேப்பர் தேடும் தளங்கள் உன்னைக் கண்டுபிடிப்பது இந்த வேலையால்தான்.

எனக்கு மறக்காத ராத்திரி ஒன்று. மருந்தியல் பேப்பர், மறுநாள் காலை அனுப்பியாக வேண்டும். டோஸ் டேபிளைப் பார்க்கிறேன், எல்லாமே மில்லிகிராமில் இருக்கிறது. எலிக்கு இவ்வளவு கொடுத்தால் எலி ஊசி குத்தும்போதே செத்திருக்குமே என்று தோன்றியது. மூல வேர்டு ஃபைலைத் திறந்து பார்த்தால் மைக்ரோகிராம். அந்தக் கிரேக்க மியூ எழுத்தை ஆசிரியர் சிம்பல் என்ற ஃபான்ட்டில் அடித்திருந்தார். எங்கள் கன்வர்ஷனில் ஃபான்ட் கழன்று விழுந்ததும் மியூ வெறும் எம் ஆகிவிட்டது. ஆயிரம் மடங்கு! நாற்பத்து மூன்று இடம். உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினோம். அந்த வேலைக்குப் பதிப்பகம் எங்களுக்குக் கொடுத்தது, எல்லாப் பேப்பருக்கும் போல, பக்கத்துக்குச் சில டாலர்.

அதைத்தான் சொல்ல வந்தேன். என் அனுபவத்தில் பத்துப் பக்கப் பேப்பருக்கு டைப்செட்டிங் செலவு நூறு டாலருக்குள் முடிந்துவிடும். டி.ஓ.ஐ. எண் (கட்டுரையின் நிரந்தர அடையாள எண்) பதிய கிராஸ்ரெஃப் என்ற அமைப்பு வாங்குவது கட்டுரைக்கு ஒரு டாலர். சர்வர், நூறு வருடம் கழித்தும் காணாமல் போகாமலிருக்க ஆவணக் காப்பகச் சந்தா, எல்லாம் பல ஆயிரம் பேப்பர்களுக்குப் பங்கு பிரிந்துவிடும். அலெக்சாண்டர் கிராஸ்மன், பியோர்ன் பிரெம்ப்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2021-ல் சந்தையில் ஒவ்வொரு வேலைக்கும் வாங்கும் ரேட்டைச் சேகரித்துக் கூட்டிப் பார்த்தார்கள். சாதாரண ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்கு ஏறக்குறைய 400 டாலர் வந்தது. உன் பில்லில் மீதி இரண்டாயிரம் எங்கே போகிறது என்பதைக் கோவைக்காரருக்குச் சொல்லும் பதிலில் பார்.

இப்போது உன் காரியம். பணம் கட்டுவதற்கு முன்னால் அது முழு ஓப்பன் ஆக்சஸ் ஜர்னலா (எல்லாப் பேப்பரையும் யாரும் இலவசமாகப் படிக்கலாம்), ஹைப்ரிட் ஜர்னலா (சந்தா கட்டிப் படிப்பதும் இலவசமும் கலந்தது) என்று பார். ஹைப்ரிட் என்றால் சந்தா வழி என்று ஒரு பட்டன் இருக்கும். அதில் போட்டால் உனக்குச் செலவு ஒன்றுமில்லை. அக்செப்ட் ஆன கையெழுத்துப் பிரதியை, ஜர்னல் சொல்லும் கெடு முடிந்ததும், உங்கள் பல்கலைக்கழக ரெபாசிட்டரியில், அதாவது இணையக் காப்பகத்தில், ஏற்றிவிட்டால் உலகம் இலவசமாகப் படிக்கும். முழு ஓப்பன் ஆக்சஸ் என்றால் கட்டணச் சலுகை கேட்டு இன்றே மெயில் போடு. பல இடங்களில் சப்மிட் செய்யும்போதே கேட்டிருக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பார்கள். இருந்தாலும் கேள். கேட்காமல் விட்ட சலுகையைக் கொடுத்த பதிப்பகத்தை நான் பார்த்ததில்லை.

*

ரிவ்யூவர்களுக்கு நிஜமாகவே ஒரு பைசாவும் கிடையாதா? ஒரு டீ செலவு கூடவா?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

கிடையாது ஐயா. நன்றி மெயில் வரும். சில ஜர்னல்கள் சான்றிதழ் அனுப்பும், அதை ஃபிரேம் போட்டு மாட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க ரிவ்யூவர்கள் பத்துக் கோடி மணி நேரத்துக்கு மேல் உழைத்திருக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. பதினைந்தாயிரம் வருடத்து உழைப்பு. அதில் அமெரிக்காவில் இருப்பவர்களின் நேரத்துக்கு மட்டும் விலை போட்டால் 150 கோடி டாலரைத் தாண்டுகிறது. இந்தத் தொகை எந்த இன்வாய்ஸிலும் வராது. பல்கலைக்கழகங்கள் கொடுக்கும் சம்பளத்தில் போகிறது.

*

எங்கள் கல்லூரிக் கருத்தரங்குக்கு ஒரு பதிப்பகத்தின் பிரதிநிதி வந்திருந்தார். ‘நாங்கள் பிரசுரிக்கும் கட்டுரைக்கு ஆகும் செலவைவிட நிராகரிக்கும் கட்டுரைகளுக்கு ஆகும் செலவு அதிகம், அதனால்தான் கட்டணம்’ என்றார். நேச்சர் ஜர்னல் 2020-ல் 9,500 யூரோ கட்டணம் வைத்ததும் அதனால்தானாம். நம்பலாமா மேடம்?
— உதவிப் பேராசிரியர், கோவை

பாதி நம்பலாம்.

சந்தா முறையில் வாசகர் பணம் கட்டினார், அதாவது நூலகம் கட்டியது. ஓப்பன் ஆக்சஸில் எழுதுபவர் கட்டுகிறார். அதிலும் பேப்பர் தேறியவர் மட்டும். பந்தியில் உட்கார்ந்தவர்கள் மட்டும் இலைக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று வைத்தால், வாசலில் காக்க வைத்துத் திருப்பி அனுப்பியவர்களுக்குக் கொடுத்த மோரின் விலையும் அவர்கள் இலையில்தான் ஏறும். நூறு பேப்பர் வந்து எட்டுப் பேப்பர் தேறுகிற ஜர்னலில், அந்த எட்டுப் பேர் நூறு பேரின் செலவைச் சுமக்கிறார்கள். நேச்சர் மாதிரி இடத்தில் முழுநேரச் சம்பளத்துக்கு எடிட்டர்களை வைத்திருக்கிறார்கள், எல்லோரும் ஆய்வுப் பட்டம் முடித்தவர்கள், வருவதை எல்லாம் படிக்கிறார்கள். இது உண்மையான செலவு. நான் மறுக்கவில்லை.

ஆனால் எவ்வளவு என்பதுதான் கேள்வி. நேச்சரில் ஒரு கட்டுரைக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை ஆகிறது என்று அதன் அப்போதைய தலைமை ஆசிரியர் சொன்னதாக 2013-ல் வெளிவந்தது. அதற்குப் பிறகு 2020 நவம்பரில் கட்டணம் 9,500 யூரோ என்று அறிவித்தார்கள், அன்றைய மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். சற்று முன்னால் சொன்ன கிராஸ்மன், பிரெம்ப்ஸ் இருவரும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நிராகரிக்கும் ஜர்னலுக்கும் கணக்குப் போட்டார்கள். அது ஆயிரம் டாலருக்குப் பக்கத்தில் நின்றது. முப்பதாயிரம் பவுண்டு எங்கே, ஆயிரம் டாலர் எங்கே! ஒரு பக்கத்து வீட்டுக்காரர் சாம்பாருக்கு இருநூறு ரூபாய் ஆனது என்கிறார், இன்னொருவர் ஆறாயிரம் என்கிறார். ஆறாயிரத்துக்காரர் வீட்டில் சாம்பாரோடு வேறு என்னவெல்லாம் வெந்தது என்றுதான் நான் கேட்பேன்.

இதற்கு ஓர் உதாரணத்தையே நேரில் பார்க்கலாம். மூளைப் படங்கள் பற்றிய நியூரோஇமேஜ் என்ற ஜர்னல், எல்செவியருடையது. அப்போது கட்டணம் 3,450 டாலர். அதன் எடிட்டர்கள் இரண்டாயிரத்துக்குக் கீழே குறையுங்கள் என்று கேட்டார்கள். பதிப்பகம் மசியவில்லை. 2023 ஏப்ரலில் நாற்பதுக்கு மேற்பட்ட எடிட்டர்கள் மொத்தமாக ராஜினாமா செய்து, எம்.ஐ.டி. பிரஸ்ஸில் இமேஜிங் நியூரோசயன்ஸ் என்று புது ஜர்னல் தொடங்கினார்கள். அங்கே வைத்த கட்டணம் 1,600 டாலர். அதே எடிட்டர்கள். அதே துறை. அதே மாதிரி பேப்பர்கள். நிராகரிப்பதற்கும் அதே கை. வித்தியாசம் 1,850 டாலர், அது பழைய ஜர்னலின் பெயருக்குப் போன வாடகை.

எல்செவியரின் தாய்க் கம்பெனி ரெலக்ஸ். அதன் அறிவியல் பிரிவு 2023-ல் 306 கோடி பவுண்டு வருமானத்தில் 116 கோடி பவுண்டுக்கு மேல் செயல்பாட்டு லாபம் காட்டியது. நூற்றுக்கு 38. நகைக்கடைக்காரர்கள் கேட்டால் கண்ணீர் விடுவார்கள்.

ஏன் இந்த விலை இறங்குவதில்லை? வாங்குபவர் ஒருவர், பணம் கட்டுபவர் இன்னொருவர். ஜெர்மனியில் 2019-லிருந்து பல்கலைக்கழகங்கள் எல்லாம் சேர்ந்து வைலி பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போட்டு, கட்டுரைக்கு 2,750 யூரோ என்று பேசிக்கொண்டன. எழுதும் பேராசிரியர் அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. பார்க்காத விலையை யார் பேரம் பேசுவது? அவருக்கு வேண்டியது இம்பாக்ட் ஃபேக்டர், அதாவது ஜர்னலின் கட்டுரைகளை மற்றவர்கள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற எண். நமக்கும் அதுதானே? பதவி உயர்வுக் கமிட்டியில் எத்தனை பேர் பேப்பரைத் திறந்து பார்க்கிறார்கள், எத்தனை பேர் ஜர்னல் பெயரை மட்டும் பார்க்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பெயருக்குத்தான் விலை. செலவைக் கூட்டி விலை வைப்பதில்லை, பெயர் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து வைக்கிறார்கள்.

இதை நான் எங்கே கற்றேன் என்றால், வருடக் கடைசியில். டிசம்பர் வந்தால் வாடிக்கையாளர்களில் ஒருவரிடமிருந்து மெயில் வரும்: சந்தை நெருக்கடி, பக்க ரேட்டை இன்னும் பத்து சென்ட் குறைக்க முடியுமா? ஏ.சி. ஓடும் நேரத்தைக் குறைத்து, இரண்டு பேரை நிறுத்தி, குறைப்போம். ஜனவரி முதல் வாரம் அதே வாடிக்கையாளரின் வெப்சைட்டில் கட்டணப் பட்டியல் புதுப்பிக்கப்படும். ஒருமுறைகூட அந்த எண் கீழே இறங்கி நான் பார்த்ததில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த பக்க ரேட்டைவிட ஓய்வுபெற்றபோது இருந்த ரேட் குறைவு. செலவுதான் விலையைத் தீர்மானிக்கிறது என்று உங்கள் கருத்தரங்கில் பேசியவரை ஒருநாள் எங்கள் நைட் ஷிஃப்ட்டுக்கு அனுப்பி வையுங்கள்.

*

அப்படியானால் லாப நோக்கமில்லாதவர்கள் ஏன் கட்டணம் வாங்குகிறார்கள்? பி.எல்.ஓ.எஸ். பதிப்பகம் தர்ம ஸ்தாபனம்தானே?
— வாசகர், புதுச்சேரி

நியாயமான கேள்வி. அவர்களுடைய பி.எல்.ஓ.எஸ். ஒன் ஜர்னல் 2006 டிசம்பரில் 1,250 டாலர் கட்டணத்தோடு தொடங்கியது. ஆய்வு சரியாகச் செய்யப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம், பரபரப்பாக இருக்கிறதா என்று பார்க்கமாட்டோம் என்றார்கள். நிராகரிப்பு குறைந்தது, 2013-ல் ஒரே வருடத்தில் 31,000 பேப்பருக்கு மேல் போட்டார்கள். அவ்வளவு போட்டும் கட்டணம் இன்று இரண்டாயிரம் டாலரைத் தாண்டி நிற்கிறது. ஈலைஃப் என்ற ஜர்னல் 2012-ல் மூன்று பெரிய நன்கொடை நிறுவனங்களின் பணத்தில் இலவசமாகத் தொடங்கியது. எடிட்டர்களுக்குச் சம்பளமும் கொடுத்தது. 2017-ல் 2,500 டாலர் வாங்க ஆரம்பித்தது.

கொள்ளை என்று இவர்களைச் சொல்லமாட்டேன். ஆள் சம்பளம் அமெரிக்க, இங்கிலாந்து ரேட். படத்தில் ஒட்டு வேலை செய்திருக்கிறார்களா, தரவு எங்கே வைத்திருக்கிறார்கள், மிருகங்கள் மேல் ஆய்வு செய்ய அனுமதிக் கடிதம் உண்டா, இதையெல்லாம் பார்க்க இப்போது தனி ஆள் வேண்டும். இருபது வருடத்துக்கு முன் இந்த வேலை அவ்வளவு இல்லை. பொய்ப் பேப்பர் தயாரித்து விற்கும் கூட்டம் வந்ததிலிருந்து ஒவ்வொரு வாசலிலும் ஒரு காவல்காரர் தேவைப்படுகிறார். அவரை வைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹிந்தாவி சாட்சி. கெய்ரோவில் 1997-ல் தொடங்கிய பதிப்பகம். 2021-ல் வைலி 29.8 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. சிறப்பிதழ், சிறப்பிதழ் என்று கதவை அகலத் திறந்துவைத்ததில் பொய்ப் பேப்பர்கள் கும்பலாக நுழைந்துவிட்டன. 2023-ல் மட்டும் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார்கள். பிறகு ஹிந்தாவி என்ற பெயரையே எடுத்துவிட்டார்கள்.

*

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலை படிப்பிக்கிறன். போன வருசம் ஒரு கட்டுரைக்கு எங்களுக்குப் பாதிக் கட்டணம் கழிவு கிடைச்சுது. என்னோடை சேர்ந்து எழுதின மதுரை நண்பர் தானே அனுப்பின அடுத்த கட்டுரைக்குக் கேட்டார், இல்லை எண்டிட்டினம். இந்தியா எங்களைவிடப் பணக்கார நாடோ?
— விரிவுரையாளர், யாழ்ப்பாணம்

ஆளுக்கு ஆள் பார்த்தால் இல்லை. தலைக்கு வருமானம் உங்கள் நாட்டில்தான் அதிகம். ஆனால் பெரிய பதிப்பகங்கள் சிலவற்றின் விதி எப்படி எழுதப்பட்டது என்றால், உலக வங்கிப் பட்டியலில் கீழ்நடுத்தர வருமான நாடாக இருக்க வேண்டும், அதோடு நாட்டின் மொத்த உற்பத்தி இருபதாயிரம் கோடி டாலருக்குள் இருக்க வேண்டும். இலங்கை இரண்டிலும் தேறுகிறது. இந்தியா முதல் வரியில் தேறி இரண்டாம் வரியில் விழுகிறது. நூற்று நாற்பது கோடிப் பேர் சேர்ந்து சம்பாதிப்பதைக் கூட்டினால் பெரிய தொகைதான் வரும். அதை வைத்து மதுரைக்காரரின் பர்ஸை அளந்திருக்கிறார்கள். அடுத்த முறை சேர்ந்து எழுதினால் தொடர்பு ஆசிரியராக, அதாவது ஜர்னலோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்பவராக, உங்கள் பெயரைப் போடுங்கள். பெரும்பாலும் அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்றுதான் பார்க்கிறார்கள்.

*

‘மூன்று நாளில் பிரசுரம், 1,500 ரூபாய் மட்டும், சர்வதேச ஜர்னல்’ என்று தினமும் வாட்ஸாப் வருகிறது. இரண்டரை லட்சத்துக்கு இது பரவாயில்லையே?
— எம்.ஃபில். முடித்தவர், சேலம்

தம்பி, வேண்டாம். மூன்று நாளில் யார் படிப்பார்? அங்கே செலவு என்று எதுவுமே இல்லை, அதனால்தான் 1,500. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் என்ற நிறுவனம் ரிவ்யூ நடப்பதாகச் சொல்லி ஏமாற்றியது, கட்டணத்தை முன்கூட்டிச் சொல்லாமல் மறைத்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. 2019-ல் நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. வாட்ஸாப்காரரை எந்த நீதிமன்றமும் தேடாது. உன் பெயர்தான் அந்த ஜர்னலில் நிற்கும்.

*

மத்திய அரசின் ‘ஒரு நாடு ஒரு சந்தா’ திட்டம் வந்துவிட்டதே, இனிமேல் இந்தக் கட்டணப் பிரச்சினை தீர்ந்ததா?
— நூலகர், திருச்சி

அது முக்கியமாகப் படிப்பதற்கு. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், கிட்டத்தட்ட 13,000 ஜர்னல். உங்கள் நூலகத்தில் பையன்கள் இனி சந்தா ஜர்னலைத் திருட்டுத்தனமாகத் தேட வேண்டியதில்லை, நல்லதுதான். ஆனால் உலகம் ஓப்பன் ஆக்சஸ் பக்கம் நகர நகர, படிக்க இலவசமாகிற பேப்பர்கள் வருடா வருடம் கூடுகின்றன. நாம் அவற்றைப் படிக்கவும் சந்தாவில் கொடுத்துவிட்டு, நம் பேப்பரைப் போடவும் கொடுக்கிறோம். பஸ்ஸில் ஏறவும் டிக்கெட், இறங்கவும் டிக்கெட்.

*

கட்டணமே இல்லாத நல்ல ஜர்னல்கள் உண்டா? நீங்கள் நடத்துவதற்கு எவ்வளவு ஆகிறது? மறைக்காமல் சொல்லுங்கள்.
— கணிதப் பேராசிரியை, நாகர்கோவில்

உண்டு, நீங்கள் நினைப்பதைவிட நிறைய. டி.ஓ.ஏ.ஜே. என்ற பட்டியலில் இருக்கும் ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்களில் பெரும்பான்மை, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, எழுதுபவரிடம் ஒன்றும் வாங்குவதில்லை. தென்னமெரிக்காவில் சையெலோ என்ற ஜர்னல் தளம் 1990-களின் கடைசியிலிருந்து அரசுப் பணத்தில் இப்படி ஓடுகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் அகாடமியின் ஜர்னல்கள் இருக்கின்றன. மெஷின் லெர்னிங்கில் 2001-ல் நாற்பது எடிட்டர்கள் பழைய ஜர்னலை விட்டு வெளியேறி வந்து வளர்த்த ஜே.எம்.எல்.ஆர். இன்று அந்தத் துறையின் முதல் வரிசையில் நிற்கிறது. எழுதவும் காசில்லை, படிக்கவும் காசில்லை. உங்கள் துறையில் டிமத்தி கவர்ஸ் தொடங்கிய டிஸ்க்ரீட் அனாலிசிஸ் இன்னும் சுவாரசியம். பேப்பர் ஆர்க்கைவ் என்ற இலவசத் தளத்திலேயே இருக்கும், ஜர்னல் ரிவ்யூ செய்து அதற்கு லிங்க் மட்டும் கொடுக்கும். தொடங்கியபோது சாஃப்ட்வேர்காரருக்குக் கொடுத்தது சப்மிட் ஆகும் பேப்பருக்குப் பத்து டாலர். கணிதக்காரர்கள் லாடெக் என்ற சாஃப்ட்வேரில் தாங்களே அழகாக அடித்துவிடுவதால் டைப்செட்டிங்கும் மிச்சம். எங்கள் பிழைப்பில் மண் போட்டவர்கள் நீங்கள்தான்!

எங்கள் கணக்கு: வருடத்துக்கு இரண்டு இதழ், சென்ற வருடம் 19 கட்டுரைகள். சாஃப்ட்வேர் ஓ.ஜே.எஸ்., கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த குழு இலவசமாகக் கொடுப்பது. சர்வருக்கும் டொமைனுக்கும் ஒன்பதாயிரம் ரூபாய். கிராஸ்ரெஃப் சந்தா, டி.ஓ.ஐ., அதற்கு மேல் சங்கத்தின் ஆடிட்டர் ஃபீஸ். எல்லாம் சேர்த்தாலும் திருநெல்வேலிப் பெண்ணின் ஒரு இன்வாய்ஸில் நாலில் ஒரு பங்கு வராது.

மறைக்காமல் சொல்லச் சொன்னீர்கள். அந்தக் கணக்கில் நான் இல்லை. காலை ஆறிலிருந்து எட்டு வரை நான் காப்பி எடிட்டிங் செய்கிறேன், எழுத்துக்கு ஒரு பைசா கிடையாது. எக்ஸ்.எம்.எல். போடுவது என் பழைய ஜூனியர். பகலில் கம்பெனியில் அதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்துவிட்டு, ராத்திரி மகளைத் தூங்க வைத்த பிறகு எங்களுக்காக உட்காருகிறாள். மகளுக்கு இப்போது அரையாண்டுப் பரீட்சை. அதனால் இந்த இதழ் ஐந்து வாரம் தாமதம். ரிவ்யூவர் ஒருவர் ஆகஸ்டில் வாங்கிய பேப்பரை இன்னும் வைத்திருக்கிறார். சம்பளம் கொடுக்காதவரை எப்படி அதட்டுவது? வாரம் ஒருமுறை ‘சௌகரியம்போல’ என்று மெயில் போடுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை பேப்பர் எழுதியவர் ஒருவர் கேட்டார், ‘மேடம், ஏதாவது கட்டணம் கட்டினால் சீக்கிரம் வருமா?’ என்று. பதில் எழுதுவதற்கு முன்னால் என் ஜூனியரின் பேங்க் அக்கவுன்ட் நம்பரை ஒரு நிமிடம் தேடினேன்.